கடைசி வீட்டுக் கஞ்சி

சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோவில் படி இறங்கிவிட்டால் நான் யாரோடும் பேச மாட்டேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலையை அசைப்பேன், அவ்வளவுதான். பூசையில் ஆண்டவரின் உடலாகும் அப்பத்தை, நாங்கள் நன்மை என்று சொல்வதை, நோயாளிகளுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு எங்கள் பங்குக் கோவிலில் சொல்லிக்கொடுத்த முறை அது. நெஞ்சின்மேல் ஆண்டவர் இருக்கும்போது வாயில் ஊர்க்கதை இருக்கக் கூடாது என்பார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், சாமியார் அந்தச் சின்னச் சிமிழில் எட்டு அப்பங்களை வைத்து மூடி என்னிடம் தருவார். எட்டு வீடு. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள், கண் போனவர்கள். போய், மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி, நன்மை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன்.

பேசாமல் இருப்பது எனக்கு லேசான காரியம் இல்லை. நான் பிறவி வாயாடி. ஓய்வு பெறும்வரை ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். இன்றைக்கும் ஊரில் எனக்குச் ‘சத்துணவு டீச்சர்’ என்றுதான் பேர். யாருக்கும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. சோறு போட்டேன், அதட்டினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் விடிவதற்கு முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தானாக எழுந்து, தானாகக் குளித்து, வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் நிற்கும். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முதலில் என் வாயில் வருவது, “காலைல என்ன சாப்ட்ட?” என்பதுதான். பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பது வருஷம் கேட்ட கேள்வியை, கேட்டே ஆகவேண்டிய ஒரு வீட்டில் நான் கேட்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த எட்டாவது வீடு, என்னோடு சத்துணவுக் கூடத்தில் சமைத்த அக்காவுடையது. கூடப்பிறந்தவள் இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா. அவள் என்னை டீச்சர் என்பாள். நான் அடுப்படியில் நின்று அதிகாரம் பண்ணினால், “வாயால சோறு வேகுமா டீச்சர்? அங்கிட்டுத் தள்ளுங்க, ஒல கொதிக்குது” என்று கரண்டியை ஆட்டுவாள். கோபம் வந்தாலும் தள்ளித்தான் நிற்பேன். அத்தனை பெரிய அண்டாவில் ஒரு நாளும் அவள் சோற்றை அடிப்பிடிக்க விட்டதில்லை. ஆனால் கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவள் வாயில் ஒரு பருக்கை போகாது. “ஏக்கா, சர்க்கரை இருக்குல்ல, நேரத்துக்குச் சாப்பிடுங்களேன்” என்பேன். “எல்லாம் சாப்பிடட்டும். பிள்ளைக திங்கிறதப் பாத்தாலே எனக்கு வயிறு நெறஞ்சிரும்” என்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்குக் காத்திருப்பது பழக்கம் என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

வேலையை விட்ட மறு வருஷமே அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறினாலும் கேலி மட்டும் குழறவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளைப் பார்த்துக்கொண்டது மருமகள்தான். சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டுப் பெண். அவனை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தாள். ஞானஸ்நானம் வாங்கவில்லை, மாமியாரும் வற்புறுத்தவில்லை. கார்த்திகைக்கு விளக்கு வைப்பாள், கிறிஸ்துமஸுக்கு அவளே ஏணி போட்டு ஏறி ஸ்டாரும் கட்டுவாள். அவளும் மலைக்கு வேலைக்குப் போகிறவள். போகுமுன் மாமியாரை எழுப்பி, துடைத்து, துணி மாற்றி, சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து, கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் மூடி வைத்துவிட்டு ஓடுவாள். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும்.

சாமியார் எனக்கு எட்டு வீடுகளைச் சொன்னபோது, எந்த வரிசையில் போவது என்பதை என்னிடமே விட்டார். கோவிலிலிருந்து பார்த்தால் அக்கா வீடுதான் பக்கம். அதை முதலில் முடித்திருக்கலாம். நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். எட்டாவது அப்பத்தையும் கொடுத்துவிட்டால் சிமிழ் காலி. அப்புறம் நான் பேசலாம். காலை முழுக்க அடக்கி வைத்த பேச்சையெல்லாம் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டலாம். மற்ற ஏழு பேருக்கும் கடமையாகப் போனேன், அவளிடம் மட்டும் ஆசையாகப் போனேன். அந்த ஆசைதான் அவளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் போகும்போது ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் இருக்கும். கிறிஸ்தவள் இல்லாத மருமகள் எடுத்து வைத்தவை. தூக்குவாளி அன்றைக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் ஓரமாக இருக்கும். அக்கா நன்மை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பத்து நிமிஷம் அசைய மாட்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, “முடிஞ்சதா டீச்சர்? அந்த வாளிய எடுங்க” என்பாள். எடுத்துக் கொடுத்தால் இடது கையால் கரண்டியைப் பிடித்து, சிந்தச் சிந்த, மூச்சுவிடாமல் குடிப்பாள். மணி பத்து, பத்தரை இருக்கும். அப்போதுதான் முதல் கஞ்சி என்று எனக்கு உறைக்கவில்லை. நன்மை உள்ளே போனதும் அவளுக்கு நல்ல பசி எடுக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து சாட்சியே சொன்னேன். “ஆண்டவர் உள்ள போனதும் அவுகளுக்குத் தெம்பு வந்து சாப்பிடுறாக. நான் கண்ணால பாக்கேன்” என்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

சின்ன வயதில் அக்காவுக்கு முதன்முதலாகப் புதுநன்மை கொடுத்த காலத்தில் அவளுடைய அம்மா சொல்லி வைத்ததாம், நன்மை வாங்கும் நாளில் நடுச்சாமத்துக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று. அதெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். நோயாளிகளுக்கு அதுவும் வேண்டாம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதே சொன்னார்கள், நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அக்காவுக்கு இந்த இரண்டாவது விஷயம் மட்டும் தெரியும். அதனால் விடியும்முன்னே மாத்திரையைப் போட்டுக்கொள்வாள், கஞ்சியைத் தொட மாட்டாள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோடு எனக்காக, என் கழுத்தில் வருகிறவருக்காகக் காத்துக் கிடப்பாள். எத்தனை மாதம் அப்படிக் கிடந்தாளோ, நான் கணக்கு வைக்கவில்லை.

அன்றைக்கு ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வீட்டில் இருந்த பெரியவருக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு நன்மையை விழுங்க முடியவில்லை, ஒரு துணுக்கைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தேன். பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “சாமியார் வர்ற வரைக்கும் இருங்க டீச்சர். மந்திரம் சொல்லுங்க.” சாமியார் ராயப்பன்பட்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் செபமாலை சொன்னேன். பெரியவர் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அழுகிறவர்களை விட்டுவிட்டு உடனே கிளம்ப முடியவில்லை. இடையில் ஒரு தடவை அக்கா ஞாபகம் வந்தது. அவள் எங்கே ஓடிப்போகப்போகிறாள், கடைசியில் சாவகாசமாகப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

மீதி வீடுகளை முடித்து அக்கா வீட்டுக்குப் போனபோது உச்சிப்பொழுது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வெள்ளைத் துணி, சுரூபம், மெழுகுவர்த்தி, எல்லாம் வழக்கம்போல. அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினேன். முறைப்படி செபத்தை ஆரம்பித்தேன். ஆமாம், ஆரம்பித்தேன். பாதி சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்து தலையணை நனைந்திருந்தது. கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. உதடு மட்டும் அசைந்து மெல்லத் திறந்தது. அவள் வாயைத் திறந்தது நன்மைக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. சிமிழ் கழுத்தில் இருக்கும்போதே கத்தினேன்.

“அக்கா, சாப்ட்டீகளா?”

தலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து வாளியை இழுத்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

அடுப்படிக்கு ஓடிச் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்து ஊட்டினேன். கடைவாயில் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன், ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொன்னேன். தேனிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, கண்ணைத் திற அக்கா என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், “சுகர் ரொம்ப லோவா இறங்கியிருக்கும்மா. காலைல மாத்திரை போட்டாங்களா? என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டார். என் கேள்வி. அவர் கேட்டார்.

நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்து அக்கா போய்விட்டாள். சாவதற்கு முன் சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து எண்ணெய்ப் பூசுதல் கொடுத்திருந்தார். எட்டாவது அப்பம் சிமிழிலேயே இருந்தது. அதை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? வெறும் வயிற்றில் கிடந்திருக்கிறாள் என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. மருமகள் ஒரு வாய்க் கஞ்சிகூட ஊற்றாமல் ஜீப் ஏறிவிட்டாளாம். வேற்றுச் சாமி கும்பிடுகிறவளுக்கு மாமியார்மேல் என்ன பாசம் இருக்கும் என்றாளாம் ஒருத்தி. அடக்கத்துக்கு வந்த கூட்டத்திலேயே இந்தப் பேச்சு நடந்தது. அந்தப் பெண் கல்லறை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத் தனியாக நின்றாள். அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அவளைத் தவிர நிறைந்த வாளியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். வாயாடி என்று பேர் வாங்கிய நான் முப்பது நாள் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான். அன்பியத்தில் எழுந்து சாட்சி சொன்னவள் நான்.

பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். “தெரியாமல் நடந்தது அம்மா. இதில் பாவம் இல்லை” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை சுலபமாகவா? பாவம் இல்லையென்றால் இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது? சின்னப் பரிகாரம் ஒன்று சொல்லி அனுப்பினார். அதைச் செய்தேன், பாரம் அப்படியேதான் இருந்தது. இறந்துபோன சிறுமியை ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பிய வாசகம் அந்த மாதத்தில் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. எழுப்பியவுடன் அவர் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று. எத்தனையோ தடவை கேட்ட வாசகம். அற்புதத்தைத்தான் கேட்டேன், சாப்பாட்டைக் கேட்கவில்லை. உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கே அந்தப் பிள்ளையின் வயிறு ஞாபகம் இருந்திருக்கிறது. அவரைக் கழுத்தில் சுமந்துகொண்டு போன எனக்கு, அப்பம் என்றால் பசிக்கானது என்பது மறந்துபோனது. நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அக்கா வீட்டு வாசலில் பந்தி போட்டார்கள். மகன் இலை போட்டான். மருமகள் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்தவளிடம், “இப்ப ஊருக்கே சோறு போடுறா. அன்னைக்கு அந்த மனுஷிக்கு ஒரு வாய் வைக்க முடியல” என்றாள். மருமகள் காதில் விழும்படிதான் சொன்னாள். அந்தப் பெண் நிமிரவில்லை. அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினாள்.

என் கை சோற்றில் இருந்தது. எழுந்துவிட்டேன்.

“அவ கஞ்சி வச்சுட்டுத்தான் போனா. நான் பாத்தேன். வாளி நெறைய இருந்துச்சு, மூடி தெறக்கல. அக்கா நன்மைக்காகப் பட்டினி கெடந்தாக. நான் வர்றதுக்குள்ள உச்சிப்பொழுது ஆயிப்போச்சு. நோயாளிக்கு உபவாசம் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவுககிட்டச் சொல்லல. சாப்ட்டீகளான்னு ஒரு வார்த்தை கேக்கல. பேசணும்னா என்னையப் பேசுங்க.”

மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்கப்படாது டீச்சரம்மா. உக்காருங்க. சாப்பிடுங்க.”

பந்தி முடிந்ததும் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவள்தான் பேசினாள்.

“எனக்குத் தெரியும் டீச்சரம்மா. அத்தை ஒவ்வொரு மாசமும் அப்படித்தான் கெடந்தாக. நன்மை வரட்டும், அப்புறம் குடிக்கிறேன்னு சொல்லுவாக.”

“தெரிஞ்சுமா ஆத்தா நீ ஒண்ணும் சொல்லல?”

“நீங்கதான் அப்படிச் சொல்லி வச்சிருப்பீகன்னு நெனச்சேன். எங்க வீட்லயும் விரதம்னா சாமி கும்பிட்டப்புறம்தான் பச்சத்தண்ணி. உங்க சாமி காரியத்துல நான் எப்படிப் போய் மூக்க நொழைக்க? கேக்கப்படாதுன்னு இருந்துட்டேன்.” அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சரம்மா? நானாச்சும் கேட்டிருக்கலாம்ல?”

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். அவள் என்னுடைய சாமிக்குப் பயந்து கேட்கவில்லை, நான் கழுத்துச் சிமிழுக்குப் பயந்து கேட்கவில்லை. மரியாதை என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம், நடுவில் ஒருத்தி பசியோடு கிடந்தாள்.

சிமிழை இனிமேல் தொடுவதில்லை என்று இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மருமகள் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல். “வர்ற வெள்ளிக்கெழம போறீகள்ல?” என்றாள்.

“உங்க வீடு இல்லாம என்னத்துக்குப் போக?”

“அத்தை இல்லன்னா வீடும் இல்லாமப் போச்சா? மத்தவுக கெடக்காகள்ல, அவுகளுக்கு யாரு சொல்லுவா?”

போகிறேன். முதல் வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம், சிமிழ் இல்லாமல், ஒவ்வொரு வீடாக ஏறி நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு இருங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். கண் தெரியாத தாத்தா ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “வெறும் வயித்துல வாங்குறதுதான் மரியாதை” என்று பிடிவாதம் பிடித்தார். “இட்லி தின்னாட்டி உமக்கு நன்மை கெடையாது” என்று மிரட்டினேன். மறுநாள் நான்கு இட்லி தின்றதாகச் சொன்னார். வாயை ஊதச் சொல்லிச் சட்னி வாடையைப் பார்த்த பிறகுதான் சிமிழைத் திறந்தேன். நன்மையோடு போகும்போதும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சாப்ட்டீகளா என்று கேட்டுவிடுகிறேன். ஆண்டவர் அதை ஊர்க்கதையில் சேர்க்க மாட்டார் என்று நம்புகிறேன். அக்காவுக்கு மட்டும் இனிக் கேட்க முடியாது. அந்த வருத்தம் தீராது, தீர வேண்டாம் என்றும் இருக்கிறது.

எல்லா வீடும் முடிந்து சிமிழ் காலியானதும், இப்போதும் கடைசியில் அந்த வீட்டுக்குப் போகிறேன். நான் மறுபடி சிமிழை எடுத்த அந்த முதல் வெள்ளி விடியற்காலை கோவிலுக்குப் போகும்போது, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருந்த மருமகள் தலையை நீட்டி, “டீச்சரம்மா, சாப்ட்டீகளா?” என்று கூப்பிட்டாள். இல்லை, பூசைக்குப் போகிறேன் என்றேன். “முடிச்சுட்டு எங்க வீட்டுக்குப் போங்க. அங்கன ஸ்டூல் மேல வச்சிருக்கேன்” என்றாள், ஜீப் கிளம்பிவிட்டது.

கதவு சும்மா சாத்தியிருக்கும். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். ஸ்டூலில் அதே தூக்குவாளி, மேலே மூடி. மாதாமாதம் அதைத் திறந்து, கட்டிலைப் பார்த்து உட்கார்ந்து, அடியில் ஒரு பருக்கை மிஞ்சாமல் குடிக்கிறேன். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருகிறேன்.